வலி மட்டும் போன கால்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், உடன்பிறந்த தங்கையாகிய நான் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணன் நல்லம்பள்ளியில் பிறந்தார். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்து, கிணறு வெட்டும் வேலைக்குப் போய் என்னை வளர்த்தார். பின்பு தருமபுரி மாட்டாஸ்பத்திரியில் கட்டுக்கட்டும் வேலையில் சேர்ந்து, டாக்டரிடம் ஊசி போடவும் பழகினார். உதைக்கிற குதிரையும் அவர் கைபட்டால் நிற்கும். குதிரை வண்டி வைத்திருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் குறைந்தன. குதிரை வண்டிக்குக் கிராக்கி ஏறியது. அந்த நேரம் பார்த்து எங்கள் குதிரை முன்னங்கால் நரம்பு வீங்கி, ஊன்ற முடியாமல் தவித்தது. டாக்டர் சொன்னபடி அண்ணன் வீட்டுக்கே வந்து, கால் மரத்துப்போக ஊசி போட்டார். சற்று நேரத்தில் குதிரை நான்கு காலையும் ஊன்றி நின்றது. என் கணவருக்கு வாயெல்லாம் பல்.

"வலிதாங்க போயிருக்குது மாப்ள, வீக்கம் அப்படியேதான் இருக்குது. வண்டியில பூட்டிராதீங்க" என்றார் அண்ணன். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கணவர் தலையாட்டினார். அண்ணன் தெருமுனை திரும்பியதும், நான் தடுத்தும் கேளாமல், கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பென்னாகரத்துக்குப் புறப்பட்டார். வலி தெரியாத குதிரை வேகமாக ஓடியிருக்கிறது. இறக்கத்தில் கால் நரம்பு அறுந்து குதிரை விழுந்தது, பிறகு எழவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், டாக்டர் முன்பும் ஊர்ப் பெரியவர்கள் முன்பும் என் கணவர் அண்ணனை நோக்கிக் கை நீட்டினார். "இவரு ஊசி போட்டதுலதாங்க குதிர போச்சு. ஓட்ட வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லல."

நான் குறுக்கே போய் நடந்ததைச் சொன்னேன். கூடப்பிறந்தவனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று தள்ளிவிட்டார்கள். அண்ணனுக்கு வேலை போயிற்று. நான் மறுபடியும் நியாயம் கேட்கக் கிளம்பினேன்.

"இத்தோட வுட்டுரு சாமி. உனக்கு அந்த வூட்லதான் பொழப்பு" என்று அண்ணன் என்னை அடக்கினார். அதன் பிறகு மானாவாரிக் காட்டில் கேழ்வரகு விதைத்துப் பிழைத்தார். குதிரையைக் கொன்றவர் என்ற பேச்சு கடைசிவரை அவரை விடவில்லை. ஆனாலும் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சீர் கொண்டுவருவதை அவர் ஒரு வருடமும் நிறுத்தியதில்லை.

காய்ச்சலில் கிடந்தவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த அண்ணிக்கும், வைத்தியரை அழைத்துவந்த பக்கத்து வீட்டாருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் நன்றி. என் பிள்ளைகள், தங்கள் அப்பாவும் தோள் கொடுத்தார், அவரையும் இந்த நன்றியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அண்ணன் இருந்திருந்தால் சேர்க்கத்தான் சொல்லியிருப்பார். நான் சேர்க்கவில்லை.