மாடிக்குப் போனவள்

எண்பதுகளின் கடைசியில், எனக்கு முப்பத்திரண்டு வயதாகும்போது, கைவிரல்கள் என் பேச்சைக் கேட்காமல் போயின. காலையில் எழுந்தால் பத்து விரலும் விறைத்துக் கிடக்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. ரவிக்கைக் கொக்கியை வீட்டுக்காரர்தான் மாட்டிவிட வேண்டும். முகம் சுளிக்காமல்தான் மாட்டுவார், அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அந்த வலி தெரிய ஆரம்பித்து அப்போதே ஐந்து வருடம் ஆகியிருந்தது.

தாம்பரத்தில் பார்க்காத டாக்டர் இல்லை. மூட்டுவாதம், ஆயுசுக்கும் இருக்கும், மாத்திரையோடு பழகிக்கொள் என்றார்கள். சித்த வைத்தியம், ஹோமியோபதி, அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேப்பிலையை உடுத்தும் வேப்பஞ்சேலை எல்லாம் முடிந்தது. அப்போதுதான் ஊரப்பாக்கத்தில் இருந்த ஒரு டீச்சரம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு ஹாலில் பாய் விரித்து, என்னைப்போல் தீராத நோய்க்காரர்களை உட்கார வைப்பார். உடம்பு, மனசு, ஆத்மா மூன்றும் ஒரே முடிச்சு, ஒரு இழையை மட்டும் இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது என்பது அவர் கட்சி. மூச்சுப் பயிற்சி, எண்ணெய்க் குளியல், புளி குறைத்த சாப்பாடு என்று ஆரம்பித்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அதனாலேயே அவரை நம்பினேன்.

அதற்கு மேல் ஒரு பயிற்சி இருந்தது. மத்தியானம் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்து, நோயை ஓர் ஆளாக நினைத்து முன்னால் வரச் சொல்ல வேண்டும்.

"விரட்டாதீங்கம்மா. எதுக்கு வந்தேன்னு மரியாதையா கேளுங்க. சொல்லி முடிச்சா அதுவா கரைஞ்சு போயிடும்," என்றார் டீச்சரம்மா.

செம்பாக்கத்தில் எங்கள் வீடு ஏரிப் பக்கம். மாமனார் நெல் விளைவித்த இடத்தில் மாடியோடு வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விட்டிருந்தோம். என் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன், மூன்று மணிக்கு, கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் வந்தாள்.

மூடிய கண்ணுக்குள், எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு பெண், எனக்கு முதுகு காட்டி நின்றாள். ஏரியில் முழுகி எழுந்தவள்போல் புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. நான் கற்பனை செய்து வைத்திருந்தது ஒரு குச்சிக் கிழவனை. இவள் தானாக வந்தாள்.

மறுநாள் கேட்டுக்கு உள்ளே நின்றாள். அதற்கு அடுத்த நாள் துவைக்கிற கல்லருகே. திரும்பாமலே, பின்பக்கமாக அடி வைத்து, ஒவ்வொரு நாளும் கிட்டே வந்துகொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தால் வெறும் கூடமும் சுவர்க் கடிகாரமும்தான். பயந்தேன், சொல்வதற்கு என்ன வெட்கம்? டீச்சரம்மாவோ, "கிட்ட வருதா? குட், நல்ல ப்ராக்ரஸ்," என்றார்.

எட்டாம் நாள் என் பாயோரத்தில் இருந்தாள். அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"இன்னா வோணும் உனக்கு? எதுக்கு இங்க வந்து நின்னுகினு கீற? கெளம்பு," என்றேன். மரியாதையாகக் கேட்கச் சொன்னது மறந்தே போயிற்று.

பதில் காதில் விழவில்லை. என் சொந்த நினைப்புபோல உள்ளேயிருந்து எழுந்தது. போகிறேன், ஆனால் எங்கே போவேன்?

காலி செய்யச் சொன்னால் குடித்தனக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. யாரையும் தெருவில் விட்டோம் என்ற பேர் வரக்கூடாது என்று, வேறு ஓர் இடத்தைக் கைகாட்டித்தான் அனுப்புவோம். வீட்டைக் கட்டிய நாளிலிருந்து எங்களுக்கு அதுதான் பழக்கம். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"மாடிக்குப் போ."

அப்போது மாடியில் இருந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண், வெளியூரிலிருந்து கணவனோடு வந்தவள். தடதடவென்று படி இறங்குவாள். என் கை முடங்கியதிலிருந்து எங்கள் வாசலுக்கும் அவள்தான் கோலம் போட்டாள், என் பெண்ணுக்கும் அவள்தான் சடை பின்னினாள். எதையும் கேட்காமலே செய்வாள். மாவு அவள் விரலிடுக்கிலிருந்து இழையாக இறங்குவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். நன்றி இருந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமை இருந்தது.

மூன்றாம் நாள் காலை காபி டம்ளரை ஒரு கையால் தூக்கினேன். ஒரு மாதத்தில் கொக்கியை நானே மாட்டினேன். "இன்னாடி இது, மாயமா கீது!" என்று வீட்டுக்காரர் சிரித்தார். நான் அழுதேன், அத்தனை சந்தோஷம். கண்ணை மூடினால் கூடம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு படியில் சத்தம் மாறியது. மாடிப் பெண் ஒவ்வொரு படியாக, நின்று நின்று இறங்கினாள். ஒருநாள் கோலத்தில் கோடுகள் நடுங்கியிருந்தன. அன்று மத்தியானம் அவளே கீழே வந்து இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள்.

"காலைல மடக்கவே முடியல அக்கா. உங்களுக்கு இருந்த மாதிரியே இருக்கு. உங்களுக்கு எப்படி சரியாச்சு? சொல்லுங்க, நானும் அப்படியே செய்றேன்."

அவள் விரல் மூட்டுகளில் இருந்த வீக்கம் ஒவ்வொன்றும் எனக்குப் பழக்கமானது. தற்செயல் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இது தொற்று நோய் இல்லை, சின்ன வயதிலும் வரும் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு அந்த அறிவெல்லாம் துணைக்கு வரவில்லை. ஊரப்பாக்கத்துக்கு அனுப்பினால் இவளும் கண்ணை மூடி உட்காருவாள். எதற்கு வந்தாய் என்று, என்னைவிட மரியாதையாகக் கேட்பாள். யார் அனுப்பியது என்று அந்த ஈரப்புடவைக்காரி சொல்லிவிட்டால்? எங்கே போவேன் என்று அவள் கேட்க, கீழே போ என்று இவள் சொல்லிவிட்டால்?

"வெந்தயம்மா," என்றேன். "ஊறவச்சு வெறும் வயித்துல குடிச்சேன். வேற ஒண்ணுமில்ல."

நம்பினாள். தினமும் குடித்தாள். டப்பா மூடியைத் திறக்க அவளால் முடியாமல் போனபோது நானே ஊறவைத்து மாடிக்கு எடுத்துப் போனேன். கூடப்பிறந்த அக்காகூட இப்படிச் செய்யமாட்டாள் என்று அவள் கணவர் தெருவெல்லாம் சொன்னார்.

அடுத்த வருடம் அவருக்கு மாற்றலாயிற்று. லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் வந்தாள். பிடிக்க முடியாத கைகளை என் கைகளுக்குள் வைத்தாள்.

"உங்களுக்கு சரியான மாதிரி எனக்கும் ஆயிடும்ல அக்கா?"

"ஆயிடும்மா," என்றேன்.

லாரி தெருமுனை திரும்பும்வரை கேட்டருகே நின்று சாமியை வேண்டிக்கொண்டேன். அவளுக்குக் குணமாக வேண்டும் என்று கேட்கவில்லை. மாடியில் எதுவும் மிச்சம் தங்காமல் அவளோடேயே போய்விட வேண்டும் என்றுதான் கேட்டேன்.