காந்தம் ஒட்டாத கதவு

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய அம்பாசிடரைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். வண்டி எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டேன். "லேசா உரசினதுதான் சார்" என்றார் கார்க்காரர். நான் விவரமான ஆள் என்ற நினைப்பு எனக்கு. சட்டைப்பையில் காந்தம் கொண்டுபோயிருந்தேன். முன்பக்க இடது கதவில் அது ஒட்டாமல் விழுந்தது. நசுங்கிய தகரம் தெரியாமல் இருக்கக் கதவு முழுக்கப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். விலையைக் குறைத்துவிடலாம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ராஜபாளையம் ரோட்டில் அவரே ஓட்டிக் காட்டினார். முன்னால் ஏறப் போன என்னைத் தடுத்து, "பின்னால அக்காகூட உக்காந்துக்கிடுங்க சார்" என்றார்.

வழியில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். அதே நொடியில் அவருடைய இடது கை நீண்டு, காலியாக இருந்த பக்கத்து இருக்கைக்கு முன்னால் நின்றது, அங்கிருந்து யாரோ விழுந்துவிடாமல் தாங்குவதுபோல. வண்டி நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

"ஏட்டி, பயந்துட்டியா?" என்று அந்த இருக்கையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்ததும் விலை பேசாமலே இறங்கிக்கொண்டோம்.

அந்தக் காரை நான் வாங்கவில்லை. பிறகு வேறொன்று வாங்கினேன். பிரேக் போடும்போதெல்லாம் என் இடது கை, பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு முன்னால் தானாக நீள்கிறது.

அவள் வராத நாட்களிலும்தான்.