நாலாவது ஆள்

வௌவால் எச்சமும் ஆட்களின் வியர்வையும் கலந்த ஒரு வெக்கை முதலில் மூக்கில் ஏறும். அதற்குப் பிறகுதான் அந்தப் பிரமிட்டின் உட்பாதை எனக்கு நினைவில் வரும். எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பதினொரு வயது. லண்டனில் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு மெல்பேர்ன் திரும்பும் வழியில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கெய்ரோவில் இரண்டு நாள் தங்கினோம்.

மூன்று என்பது எங்கள் வீட்டில் ஆகாத எண். "மூண்டு பேராய் ஒரு அலுவலுக்கும் வெளிக்கிடக்கூடாது" என்பது யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கொண்டுவந்த சட்டம். அதற்குப் பரிகாரமாக, மெல்பேர்னில், மல்கிரேவில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் கொட்டியிருந்த சரளையிலிருந்து நெல்லிக்காய் அளவில் ஒரு கல்லைப் பொறுக்கி, "நாலாவது ஆள்" என்று பெயரும் வைத்திருந்தோம். கடைக்கோ கடற்கரைக்கோ எங்கே புறப்பட்டாலும் ஆட்களை எண்ணிச் சரிபார்ப்பதும் அந்தக் கல்லைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருப்பதும் என் பொறுப்பு. லண்டனுக்கும் அது வந்தது.

பிரமிட்டுக்குப் புறப்பட்ட காலையில் நான் வழக்கம்போல் கல்லை எடுத்தபோது அப்பா சிரித்தார். "கல்லு மலைக்குக் கல்லுக் கொண்டுபோற முதல் ஆள் நீதான்." அம்மா சிரிக்கவில்லை. "இண்டைக்கு அது வேண்டாம் ராசா, நாங்கள் நாலு பேர்தான்" என்றார். வழிகாட்டியையும் சேர்த்து எண்ணுகிறார் என்று நினைத்தேன். ஆனால் வழிகாட்டி உள்ளே வரமாட்டான், வாசலிலேயே நிற்பான் என்று முதல் நாளே சொல்லியிருந்தான். கணக்கு உதைத்ததால் அம்மாவுக்குத் தெரியாமல் கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உள்ளே மேல்நோக்கிப் போகும் பாதையில் அப்பாவால் நிமிர முடியவில்லை. கால் வழுக்காமல் இருக்கத் தரையில் போட்ட பலகையில் குறுக்கே மரச்சட்டங்கள் அடித்திருந்தார்கள். முன்னால் அப்பா, நடுவில் அம்மா, பின்னால் நான் என்று குனிந்து ஏறும்போது அவற்றை எண்ணிக்கொண்டே போனேன். அறுபத்திரண்டாவது சட்டத்தில் விளக்குகள் அணைந்தன. அப்படியொரு இருட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றாகவே இருந்தது. "ஒருத்தரும் அசையாதையுங்கோ" என்ற அப்பா, எங்கள் குரலைக் கேட்பதற்காக, "எண்ணுங்கோ. ஒண்டு" என்றார். அம்மா "ரெண்டு" என்றார். நான் "மூண்டு" என்றேன். அதன் பிறகு அந்த இடம் இன்னொரு குரலுக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. அப்போது அம்மா, யாரோ ஒருவரின் காதுக்குள் சொல்வதுபோல் மெல்ல, "நாலு" என்றார்.

பையில் கல் இருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, பைக்குள் கையை விட்டு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. மனதுக்குள் ஒன்றிலிருந்து முந்நூற்றுப் பதினெட்டு வரை எண்ணியிருந்தேன், அப்போது விளக்கு வந்தது. மேலே அரசனின் அறையில் மூடியில்லாத, ஒரு மூலை உடைந்த வெறும் கற்பெட்டி மட்டும் இருந்தது. அம்மா அதன் அருகில் வரவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, "இந்தச் செத்த வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது, கெதியா இறங்குவம்" என்றார். சொல் கேட்காததற்கு அடி விழும் என்ற பயத்தில், அவர்கள் திரும்பிய நேரம் பார்த்து, நாலாவது ஆளை அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். கல் விழுந்த சத்தம் கல்லின் அளவுக்கு மீறிப் பெரிதாகக் கேட்டது.

மெல்பேர்ன் வந்த மூன்றாவது கிழமை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் கழித்து வந்தவர் கதிரையில் இருந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "உனக்கொரு தம்பியோ தங்கச்சியோ வர இருந்தது. இனி வராது" என்றார். கெய்ரோவில் அம்மா யாரை எண்ணினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. டொக்டர் வேறு காரணம் சொன்னாராம். அது சரியாகத்தான் இருக்கும். கல் எங்கே என்று அம்மா பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கடைசிவரை மூன்று பேர்தான்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மல்கிரேவ் வீட்டு வாசலில் சரளையும் இல்லை. முழுக்கக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போக மனைவியும் ஐந்து மாத வயிற்றோடு மகளும் காரில் ஏறிவிட்டார்கள். நான் கதவைப் பிடித்தபடி ஆட்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா எண்ணுறீங்கள்? நாலு பேர்தான். ஏறுங்கோ, லேட் ஆகுது" என்றாள் மகள்.

காற்சட்டையில் இரண்டு பை, சட்டையில் ஒன்று. மூன்றையும் இரண்டு தரம் துழாவி, உள்ளே எதுவும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே ஏறினேன்.