இறங்கச் சொல்லாத வாசல்

ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, இந்த நாட்டில் குளிர்காலம். காலை எட்டேமுக்காலுக்குக் கிரான்பர்னில் காரை எடுத்தபோது வெளியில் மூன்று பாகைக் குளிர். போகுமிடம் ஒரு படைக் கல்லூரி. வீட்டிலிருந்து 384 கிலோமீற்றர், மரே ஆற்றுக்கு அப்பால். அங்கே அதிகாரிப் பயிற்சி பெறும் என் மகள் துளசி, சிட்னியிலிருந்து வரும் பல்கலைக்கழக அணியோடு கூடைப்பந்து ஆடப்போகிறாள். கல்லூரியின் பெயரை எழுத வேண்டாமென்று அவள் கேட்டதால் விட்டுவிடுகிறேன். ஊர் சுற்றிப் பார்த்த கதை என்று வாசிக்கத் தொடங்கியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹியூம் நெடுஞ்சாலையில் ஆடுகளையும் லொறிகளையும் விட்டால் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

போவதா விடுவதா என்று ஒரு மாதம் இழுபட்டேன். அவள் படையில் சேர்ந்த அன்று, "இந்த உடுப்போட என்ர வீட்டுப் படி ஏறாதே" என்று சொன்னவன் நான்தான். போர் நடந்த காலத்தில், ஊரில் இராணுவச் சோதனைச் சாவடி வந்தால் பஸ் தள்ளி நிற்கும். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். அப்படி நடந்த ஒருநாள் என் அண்ணனை வரிசையிலிருந்து ஓரமாக வரச் சொன்னார்கள். அவருக்குப் பின்னால் நின்றவன் நான், வயது பதினேழு. அண்ணன் திரும்பி வரவேயில்லை. சீருடையைக் கண்டால், அது எந்த நாட்டுடையது என்று நான் பார்ப்பதில்லை, ஒதுங்கிப் போய்விடுவேன்.

பதினொன்றே காலுக்கு யுரோவாவில் நிறுத்தினோம். ஒரு கோப்பி ஐந்து டொலர் எண்பது சதம். வாயில் வைக்க முடியாத கசப்பு. அங்கே வைத்துத்தான் மனைவி சாந்தி ஒரு விசயத்தைச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, போன முறை பிள்ளை பரேட் முடிஞ்சு நேர வந்தவள். எங்கட சந்தியில இருக்கிற பெற்றோல் ஷெட் ரொய்லற்றுக்குள்ள நிண்டு உடுப்பு மாத்திப்போட்டுத்தான் வீட்டுக்கு வந்தவள். அதுக்கு முதல் முறையும் அப்பிடித்தான்."

அந்தச் சந்தியிலிருந்து எங்கள் வீடு எழுநூறு மீற்றர்கூட இல்லை. மிச்சக் கோப்பியைப் புல்லில் ஊற்றிவிட்டுக் காரில் ஏறினேன்.

இரண்டு மணி பத்து நிமிடம். கல்லூரி வாசலில் சிவப்பு வெள்ளைத் தடுப்பு, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவேயில்லை. முப்பது மீற்றர் முன்னாலேயே காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கி, சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தேன். பின்னால் நான்கைந்து கார்கள் காத்து நின்றன. சாந்தி கூப்பிட்டது காதில் விழவில்லை. சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும், முகமெல்லாம் புள்ளி. ஐயா, யாரும் இறங்கத் தேவையில்லை, உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, காரிலேயே வாருங்கள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். திரும்பி நடந்த முப்பது மீற்றரும் எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஆட்டம். உள்ளரங்கில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். பயிற்சி மாணவர்கள் யாரும் கதிரையில் உட்காரவில்லை. தங்கள் அணி ஆடும்போது முடியும்வரை நிற்பது அவர்கள் வழக்கமாம். நாங்களும் நின்றோம். துளசிக்கு ஏழாம் இலக்கம். வீட்டில் கேட்ட கேள்விக்கு முனகிப் பதில் சொல்லுகிற பிள்ளை, அங்கே நடுவில் நின்று தன் அணியின் மற்ற நான்கு பேரையும் பெயர் சொல்லி அதட்டி நகர்த்தினாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மூன்றாம் கால்பகுதியில் ஒரு சிட்னிப் பிள்ளையோடு மோதி, அவளை விழுத்திவிட்டு, விசில் ஊதுமுன்னே கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கடைசியில் 58க்கு 61 என்று தோற்றார்கள்.

வியர்வையோடு, விளையாட்டு உடுப்பிலேயே வந்தாள். ஆறு மணிக்குக் கடமையாம், நேரமில்லை என்றாள். தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாசலில இறங்கி நடந்தீங்களாம்."

"ஓம்."

"அவன் என்ர கிளாஸ்தான். பெரியப்பாவைப் பற்றி அவனுக்குச் சொன்னனான்."

அவள் பெரியப்பாவைப் பற்றி வாய் திறந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கவனமாய் இரு என்று மட்டும் சொன்னேன். அவள் ஓடிப்போய்விட்டாள். நாங்கள் கொஞ்ச நேரம் வெறும் அரங்கில் நின்றுவிட்டுக் காருக்கு நடந்தோம்.

ஐந்தரை மணி, பொழுது படுகிறது. வெளியே போகும் உள்வீதியில் எங்கிருந்தோ எக்காளம் ஊதினார்கள். முன்னால் போன கார்கள் நின்றன. மாலையில் கொடி இறக்கும் நேரமாம், ஆட்கள் இறங்கிக் கொடிக்கம்பத்தைப் பார்த்து நின்றார்கள். வாசலில் பட்ட பாடு போதுமென்று நான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பச்சைச் சீருடை, தொப்பி. என் கை தானாக அனுமதிப்பத்திரத்தைத் தேடியது.

"அப்பா," என்றது சீருடை. "இப்ப இறங்கோணும்."

இறங்கினேன். துளசி கம்பத்தைப் பார்த்துத் திரும்பிச் சல்யூட் அடித்தாள். பக்கத்தில் நின்றேன். கொடி இறங்கி முடிந்ததும் அவள் சட்டென்று ஓரடி பின்னுக்குப் போனாள்.

"சொறி அப்பா. கடமைக்குப் போற வழி. மாத்த நேரம் கிடைக்கேல்ல."

பெற்ற பிள்ளை தன் உடுப்புக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அந்த இடத்திலேயே எனக்குக் கண் முட்டிவிட்டது.

"பெற்றோல் ஷெட்டில நிக்காதே," என்றேன். "லீவுக்கு வரேக்க இந்த உடுப்போடயே வா."

அவள் தாயைப் பார்த்தாள், பிறகு என்னை.

"வீட்டுக்குள்ளயா?"

"வீட்டுக்குள்ளதான். சப்பாத்தை மட்டும் வாசலில கழட்டு."