அகராதிக்காரருக்கு மிஞ்சிய சொல்

தெருவில் அவரை அகராதிக்காரர் என்பார்கள். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுவது அவர் வேலை. அலுவலகத்தில் யாரும் காது கொடுக்காத சங்கதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியின் தையல் மெஷின் அருகே கொட்டுவார்.

ஒரு மாலை ‘மஸ்ட்’ என்ற சொல்லோடு வந்தார்.

“கட்டாயம்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

“அவ்வளவு லேசா விட முடியுமா? ஆதியில அதோட வேர்ச்சொல்லுக்குச் ‘செய்யலாம், அனுமதி உண்டு’ன்னுதான் அர்த்தம். போகப்போக ‘செஞ்சே ஆகணும்’னு மாறிடுச்சு. புளிக்கிற திராட்சைச் சாறுக்கும் அதே பேர். அது லத்தீன்லேர்ந்து வந்த வேற சொல். யானைக்குப் பிடிக்கிற மதமும் அதேதான், அது பாரசீகம்.”

“செய்யலாம்னு ஆரம்பிச்சு, செஞ்சே ஆகணும்னு வந்து நின்னுச்சா? நம்ம கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க!”

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த வாரமே அலுவலக மாடிப்படியில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின; பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. “மஸ்ட்.”

“சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் ஒட்டிக்கும்மா. அர்த்தம் தெரிஞ்சு சொல்றாருன்னு நினைக்காதீங்க,” என்றார் மருத்துவர்.

அவளுக்கோ அர்த்தம் பிடிபட்டது. இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் கழிப்பறை. முனகலாக வந்தால் முதுகு வலி. திருப்பிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி தைக்க உட்காருவாள்.

ஒரு மதியம், அவசரத் துணி மெஷினில் கிடக்கும்போது, அவள் இதுவரை கேட்டிராத குரலில் அவர் அழைத்தார். தண்ணீர் கொடுத்தாள், தட்டிவிட்டார். தலையணையை உயர்த்தினாள், அதுவும் இல்லை. இடது கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

“என்னதாங்க வேணும்? இருக்கிற ஒத்த வார்த்தைய வெச்சுக்கிட்டு என் உயிரை வாங்குறீங்களே! வாயை மூடுங்க!”

பிடி தளர்ந்தது.

அதன்பின் அந்தச் சொல்லும் வரவில்லை. தாகமெடுத்தாலும் கூப்பிடவில்லை, படுக்கை நனைந்தாலும் கூப்பிடவில்லை. “கோவமா? ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேங்க. ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்,” என்று அவள் கட்டிலருகே உட்கார்ந்து கெஞ்சினாள். உதடு அசைந்ததே ஒழிய ஓசை எழவில்லை. அவராக அடக்கிக்கொண்டாரா, நோய்தான் அதையும் கொண்டுபோனதா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. அவள் நாலு தையல் போடுவதற்குள் எழுந்துபோய் எட்டிப் பார்க்கலானாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் எப்படிக்கா இருக்காரு?”

“சத்தத்தையே காணோம். தூங்குறாரு போல. கையைத் தூக்கும்மா.”

அளவெடுத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அவர் உடம்பு சில்லிட்டிருந்தது.