தைத்து மூடிய எட்டுப் பக்கங்கள்

எனக்குப் பத்து வயதானபோது, மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துப் பிள்ளைகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் நடந்தது. சந்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். பிள்ளைகளை மட்டும் கூப்பிடவில்லை.

விஷயம் இதுதான். அம்மாவின் தங்கை, என் சித்தி, வாரத்தில் ஆறு நாள் பிராட்வே கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டி மடித்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு பழைய தமிழ்க் காவியத்தைப் பாட்டுப் பாட்டாகச் சொல்லிக்கொடுப்பாள். நாங்கள் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறவர்கள். மலையாளத்தில் பஸ் போர்டை ஒரு நொடியில் படித்துவிடுவோம். தமிழ் என்றால் எழுத்துக்கூட்ட வேண்டும். ஆனாலும் அது கடல் வணிகன் ஒருவனின் கதை. புயலும் கப்பலும் திமிங்கிலமும் வந்ததால் ஒருவரும் மட்டம் போடவில்லை.

ஏழாம் பகுதி நெருங்கியபோதுதான் பெரியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அதில் வணிகன் போன ஊரிலேயே வேறொருத்தியோடு குடித்தனம் தொடங்கிவிடுகிறான். இங்கே மனைவி காத்திருக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று பக்கத்து வீட்டு அத்தை ஆரம்பித்தாள், அப்பாவும் சேர்ந்துகொண்டார். அவர்கள் இருவரும் தவறாமல் பார்க்கும் சீரியலில் எந்தக் கதாநாயகனுக்கும் ஒரு மனைவியோடு நிற்கத் தெரியாது. நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்ப்போம்.

"புரியாத வயசுல அது தன்னால மூடித்தான் இருக்கும் அத்தான். நாம மூட வேண்டாம்" என்றாள் சித்தி.

அப்படியானால் வகுப்பே வேண்டாம் என்றார் அப்பா. சித்தி எழுந்து உள்ளே போனாள். ஊசியும் வெள்ளை நூலும் எடுத்துவந்து, எல்லோரும் பார்க்கப் புத்தகத்தில் அந்தப் பகுதியின் எட்டுப் பக்கங்களின் ஓரத்தைக் கோணல்மாணலாகத் தைத்துப்போட்டாள். பிள்ளைகள் பெரியவர்களானதும் பிரித்துக்கொள்ளலாம் என்று கூட்டம் கலைந்தது.

தைக்காமல் விட்டிருந்தால் நான் அந்தப் பக்கங்களைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை சித்தி வேலைக்குப் போனதும் பிளேடால் நூலை அறுத்தேன். அரைமணி நேரம் எழுத்துக்கூட்டியதில் கடல் என்ற சொல்லும் விளக்கு என்ற சொல்லும்தான் மிஞ்சின. அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. மறுநாள் வகுப்பு. நூல் அறுந்திருப்பதை அப்பா பார்த்தால் வகுப்பு நின்றுபோகும், அதுவும் என்னால்.

சந்து முனையில், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா தையல் மிஷின் போட்டிருந்தாள். தமிழ் தினசரியைக் கடகடவென்று படிப்பாள். அவள் புருஷன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் தினமும் போன் வரும். இப்போதெல்லாம் வருவதே இல்லை என்பது சந்துக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் போன் எப்போதும் மிஷின் மேலேயே கிடக்கும்.

புத்தகத்தை அவளிடம் கொண்டுபோனால் படித்து அர்த்தமும் சொல்வாள், தைத்தும் தருவாள் என்று கணக்குப் போட்டேன். அக்கா சிரித்தபடி வாங்கி முதல் பாட்டை ராகம் போட்டே படித்தாள். இரண்டாவதில் ராகம் நின்றது. மூன்றாவதை வாய்க்குள் படித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அர்த்தம் சொல்லச் சொல்லி நான் நச்சரித்தேன்.

"இப்ப வேண்டாம் பாப்பா. தெச்சுத் தாரேன், கொண்டு போ."

மிஷினில் ஏற்கெனவே கறுப்பு நூல் கோத்திருந்தது. வெள்ளை நூலால் தைக்கச் சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை. அதே ஓரத்தில் ஒரு தடவைக்கு மூன்று தடவை மிஷினை ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திறந்த சித்தி கறுப்பு நூலைப் பார்த்தாள். நேரான தையலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாசலில் அப்பா சாயா குடித்துக்கொண்டிருந்தார். சித்தி எட்டுப் பக்கங்களையும் மொத்தமாகப் புரட்டிவிட்டு அடுத்த பகுதியைத் தொடங்கினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிள்ளைகள் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த அக்கா படித்தாளா, என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டாள். திட்டு விழாத தைரியத்தில் உண்மையைச் சொன்னேன்.

"அக்காவுக்கும் ஒண்ணும் மனசிலாகலை சித்தி. பாதியிலயே நிறுத்திட்டாங்க."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தினசரியைக் கடகடவென்று படிக்கிறவளுக்கே புரியாதது எனக்குப் புரியாமல் போனதில் என்ன வெட்கம்? சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் திரும்பி வந்தாள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கத்தான் போனாள் என்று நினைத்திருந்தேன். கை வெறுமனே இருந்தது. அக்கா இன்னும் தைத்து முடிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.