ஏழு பச்சைக் கதவுகள்

போல்ட்டனில் எங்கள் பழைய பொம்மைச் சங்கம் சந்தை நடத்தும்போதெல்லாம் டீ போடுவது நான்தான். தலை நரைத்த ஆம்பிளைகள் விரல் நீளக் காரைக் கையில் வைத்துக்கொண்டு கண்கலங்குவதைப் பார்த்தபடியே பால் ஊற்றுவேன். அவர்களுக்கு வேதம், எங்கள் சங்கத்து க்ளைவ் எழுதிய தலையணைப் புத்தகம். எப்போதோ மூடிய எங்கள் ஊர் பொம்மைத் தொழிற்சாலையின் ஒவ்வொரு வண்டிக்கும் அதில் ஒரு பக்கம். பால் வண்டிக்கு மட்டும் ஓர் அத்தியாயம். பால் வண்டிக்குக் கதவு சிவப்பு. ஆனால் ஆறே ஆறு வண்டிகளுக்குப் பச்சை. அயர்லாந்துப் பால்காரர் ஒருவர் செய்யச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினார் என்று க்ளைவ் பதினெட்டுப் பக்கம் நிரூபித்திருந்தார்.

அந்தக் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்தவள் வினி. வயது எண்பத்திரண்டு, வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. 1961இல் நெவில் அவள் எதிர் மேசையில் வண்டிகளைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிராத மனுஷன். சிவப்புக்கு நடுவே ஒரு பச்சை போனால் நிமிர்ந்து பார்ப்பார், அப்போது சிரித்து வைக்கலாம் என்று வினி தினமும் ஒரு வண்டியை அனுப்பினாள். வேலை முடிந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு அவருக்காக நின்றாள். ஆறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் நாள் அவரே வந்து பக்கத்தில் நின்றார். அதுதான் கல்யாணத்தில் முடிந்தது.

பச்சையைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, பார்த்தேன், பையில் போட்டுக்கொண்டேன் என்றாராம். அந்த வண்டியைக் காட்டச் சொன்னபோது பிளாக்பூல் கடலில் விழுந்துவிட்டது என்றாராம். அறுபது வருஷமாக வினி இந்தக் கதையைப் பேரப்பிள்ளைகள் வரை சொல்லிப் பெருமைப்பட்டாள். க்ளைவிடம் மட்டும் சொல்லவில்லை. பாவம், அயர்லாந்தோடு சந்தோஷமாக இருக்கட்டும் என்பாள்.

போன சந்தையில் க்ளைவ் மேடையேறி ஏழாவது வண்டியைத் தூக்கிக் காட்டினார். வேல்ஸில் கிடைத்ததாம். கடைக்குப் போன அதே பெட்டி, உள்ளே பெட்டியை மூடியவரின் எண் போட்ட சீட்டு: முப்பத்தொன்று.

அது நெவிலின் எண். பையில் போட்டதாகச் சொன்ன வண்டியை அவர் பெட்டியில் போட்டு மூடியிருக்கிறார் என்று வினிக்குப் புரிந்தது. அவர் அதையும் பார்க்கவே இல்லையென்றால், அன்றைக்கு வந்தது எதற்கு? அவள் கல்யாணமே அந்த வண்டியின் மேல்தான் நின்றது. மூலையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த நெவிலிடம் நேராகப் போனாள். டீ கெட்டிலோடு நானும் பின்னால் போனேன். எனக்கு வெட்கம் கிடையாது.

“கடல்ல விழுந்த வண்டி வேல்ஸ்ல கரை ஒதுங்கியிருக்கு நெவில். பெட்டியோட.”

அவர் மென்றதை விழுங்கினார். “எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் வினி. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு சொல்லல. அப்புறம் சொன்னா நீ போயிடுவியோன்னு பயம்.”

“அப்ப அன்னிக்கு ஏன் வந்தே?”

“நீ தினமும் பஸ்ஸை விட்டுட்டு மழையில நிக்கிறே. எவனுக்காகவோ நிக்கிறியேன்னு எனக்கு வயித்தெரிச்சல். யாரு அவன்னு பாத்துடலாம்னு வந்தேன்.”

“பாத்தியா?”

“பாத்தேன். ஒருத்தனும் வரல. நான் மட்டும்தான் நின்னேன்.”

வினி அவர் கையிலிருந்த சாண்ட்விச்சைப் பிடுங்கி ஒரு கடி கடித்தாள்.